மைதானமே சேர்ந்து பாடும் கல்லூரிப் பாட்டை இயற்றுவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகளில் ‘ஃபைட் சாங்’ என்று வழங்கும் பாடல், ஒருவர் மேடையில் பாட மற்றவர்கள் அமர்ந்து கேட்பதற்காக உருவானதன்று. அமெரிக்கக் கால்பந்தில் தம் அணி டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்துப் பெறும் புள்ளி) எடுத்ததும் பித்தளை வாத்தியங்கள் முழங்க, முதலாண்டு மாணவரும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்ற முதியவரும் ஒன்றாக எழுந்து நின்று தொண்டை கிழியப் பாடுவதற்கான பாட்டு அது. ஆகவே அதை இயற்ற முனைபவர், கூட்டத்தில் மிக நன்றாகப் பாடுபவரை விட்டுவிட்டு, சுருதியே சேராதவரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

மெட்டை முதலில் அமையுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ‘தி விக்டர்ஸ்’ இதற்கு நல்ல பாடம். 1898-இல் சிகாகோ பல்கலைக்கழக அணியை மிச்சிகன் 12-11 என்ற கணக்கில் மயிரிழையில் வென்றபோது, அந்த வெற்றிக்குத் தகுந்த பாட்டு ஒன்று தம் கல்லூரிக்கென்று இல்லையே என்று எண்ணிய லூயிஸ் எல்பெல் என்ற மாணவர் இயற்றியது அது. கூட்டம் பாடும் பகுதி ‘ஹெயில்’ (வாழ்க) என்ற ஒற்றைச் சொல்லை ஓங்கி ஒலித்துத் தொடங்குகிறது. பின்பு அடுத்தடுத்த சில சுரங்களுக்குள்ளேயே சுழல்கிறது. அதே சிறு வடிவம் ஒரு படி மேலேறி மீண்டும் வருகிறது. முதல் அடியைக் கேட்டவருக்கு அடுத்த அடி எங்கே போகும் என்பது தானாகவே புலப்பட்டுவிடுகிறது. ‘ஹெயில்’ என்பதோ வாயை அகலத் திறந்து நீட்டக்கூடிய ஓசை. அந்தச் சொல் வரும்போதெல்லாம் ரசிகர்கள் முஷ்டியை உயர்த்துகிறார்கள். நீங்கள் அமைக்கும் மெட்டும் ஒரு ஸ்தாயியை அதிகம் தாண்டாமல், உச்ச சுரத்தில் ஆகாரமோ ஓகாரமோ போன்ற திறந்த உயிரொலி விழும்படி இருக்கட்டும்.

இசை தெரிந்தவர்களும் மறந்துவிடும் ஒன்று உண்டு. மிச்சிகன் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்கிறார்கள். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், 170 மீட்டர் தொலைவில் இருப்பவருக்கு வாத்திய ஒலி அரை வினாடி பிந்தியே எட்டும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற அணிவகுப்பு நடையில் அரை வினாடி என்பது முழுதாக ஒரு தட்டு. ஃபைட் சாங்குகள் பெரும்பாலும் அதைவிட விரைவாக இசைக்கப்படுவதால் குழப்பம் இன்னும் கூடும். நுணுக்கமான கமகங்களும் சொற்களை நெருக்கி அடுக்கிய அடிகளும் அங்கே வெறும் இரைச்சலாகிவிடும். எனவே ஒவ்வோர் அடியின் முடிவிலும் நீண்ட சுரம் ஒன்றை வைத்து, பின்தங்கியவர்கள் வந்து சேர இடம் கொடுங்கள். சுருதியை முடிவு செய்யுமுன் வாத்தியக் குழுவினரைக் கட்டாயம் கலந்து பேசுங்கள். டிரம்பெட், டிராம்போன் வாசிப்பவர்களுக்கு பி ஃபிளாட், ஈ ஃபிளாட் போன்ற சுருதிகளே இயல்பாக வரும்.

அடுத்தது கல்லூரியின் பெயர். பெயர் மெட்டில் இயல்பாக உட்காராவிட்டால் பாட்டு நிலைக்காது. ‘ஆன், விஸ்கான்சின்’ பாடலின் மெட்டை 1909-இல் வில்லியம் பர்டி முதலில் மின்னெசோட்டா பல்கலைக்கழகத்தின் போட்டி ஒன்றுக்காகவே அமைத்தார். பிறகுதான் அது விஸ்கான்சினுக்கு உரியதாயிற்று. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: மின்-னெ-சோட்-டா, ஆன்-விஸ்-கான்-சின். இரண்டிலும் நான்கு அசைகள்; அழுத்தம் விழுவதும் மூன்றாவது அசையிலேயே. ‘ஆன்’ என்ற ஒரு சொல் பெயரின் குறையை நிரப்பியதோடு, ‘முன்னேறு’ என்ற கட்டளையையும் கொண்டுவந்துவிட்டது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு வியப்பூட்டும் பொருத்தம் இது. 1959-இல் அந்தப் பாடல் மாநிலத்தின் பாடலாகவே ஏற்கப்பட்டது. உங்கள் கல்லூரியின் பெயர் நீளமானதென்றால் சுருக்கப் பெயரையோ அணியின் பெயரையோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தெழுத்தாகக் கூவச் செய்வதும் பலன் தரும்.

சொற்கள் குறைவாக இருக்கட்டும். ஓக்லஹோமாவின் ‘பூமர் சூனர்’ பாடலில் பெரும்பாலும் அந்த இரண்டு சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் அவை 1889-ஐ ஒட்டி அங்கே நிலம் தேடிக் குடியேறியவர்களைக் குறிப்பவை என்பதால், அந்த மண்ணின் கதை அவற்றுக்குள் அடங்கியிருக்கிறது. இப்படி உங்கள் ஊருக்கே உரிய சொல் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ‘வீரம்’, ‘வெற்றி’ என்று எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும் சொற்களை மட்டும் அடுக்கினால் பாட்டுக்கு முகம் இராது. விளையாட்டு வீரர் எவருடைய பெயரையும் சேர்க்க வேண்டாம். அவர் நான்கு ஆண்டுகளில் போய்விடுவார்.

எழுதி முடித்ததும் வாத்தியம் எதுவுமின்றி, இசைப் பயிற்சி இல்லாத இருபது மாணவர்களுக்கு இரண்டு முறை பாடிக் காட்டுங்கள். மூன்றாம் முறை அவர்கள் எந்த இடத்தில் தயங்குகிறார்களோ அந்த இடத்தைத் திருத்துங்கள். மாணவர்களைத் திருத்த முயலாதீர்கள். பிறகு புள்ளி எடுக்கும்போதெல்லாம் அதே பகுதியை, அதே வேகத்தில், தோற்றுக்கொண்டிருக்கும் நாளிலும் விடாமல் வாசிக்கும்படி வாத்தியக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.