பேஸ் கிட்டார் ஃபில்: தாமதம் தீர்ந்த கதை

பேஸ் கிட்டாரில் மெலடியான ஃபில் (பாட்டின் இடைவெளியை நிரப்பும் சிறு இசைத்துணுக்கு) வாசிக்கப் போனால், அடுத்த பாரின் (தாளச் சுற்றின்) முதல் அடிக்கு என் விரல் தாமதமாகவே வந்து சேரும். டிரம்மர் முந்திப் போயிருப்பார். ஸ்கேல் பயிற்சியைக் கூட்டியும் பலனில்லை.

பின்னாலிருந்து யோசித்தபோதுதான் வழி பிறந்தது. போய்ச் சேரவேண்டிய சுரத்தை முதலில் முடிவு செய்தேன். பாதையைப் பிறகு போட்டேன். சி கார்டிலிருந்து (கார்டு என்பது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) எஃப் கார்டுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) சி சுரத்தை மூன்று அடிகளுக்கு நீளவிட வேண்டும். நான்காம் அடியை இரண்டாகப் பிரித்து, டி தந்தியை அழுத்தாமல் ஒரு முறை, 2ஆம் ஃப்ரெட்டில் ஒரு முறை. அடுத்த பாரின் முதல் அடியில் அதே தந்தியின் 3ஆம் ஃப்ரெட்: எஃப். கடைசி இரண்டுக்கும் இடையே அரைச்சுரம்தான். காது தானாகவே எஃப் வரும் என்று காத்திருக்கிறது.

டி தந்திக்கு மாறிய பிறகும் ஏ தந்தி தொடர்ந்து அதிர்ந்தால் ஒலி கலங்கிவிடும். அழுத்திய விரலைத் தூக்கிவிடாமல் லேசாகத் தளர்த்தினால் அடங்கிவிடும்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, வாயால் பாடிய பிறகே தந்தியைத் தொட்டேன். பாட வராத ஃபில் விரலிலும் வராது என்பது என் கட்சி. பாடகர் பாடும்போது அடக்கி வாசிப்பேன். அவர் மூச்சு வாங்கும் இடம்தான் எனக்கு.