டிரை மார்ட்டினி: முதலில் வெர்மூத்தைக் கவனியுங்கள்

ஜின்னும் வெர்மூத்தும் கலந்த காக்டெய்ல்தான் மார்ட்டினி. யாராவது அது சரியாக வரவில்லை என்றால், நான் முதலில் தேடுவது அவர்கள் வீட்டு வெர்மூத் பாட்டிலைத்தான். பெரும்பாலும் அது அலமாரியில் தூசி படிந்து நிற்கும். வெர்மூத் மூலிகை சேர்த்த ஒயின். ஆல்கஹால் 15 முதல் 18 சதவீதம்தான். திறந்த பிறகு காற்றுபட்டுச் சுவை மங்கிவிடும். இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

சரி, அளவு. 60 மில்லி ஜின், 12 மில்லி டிரை, அதாவது இனிப்பு குறைந்த, வெர்மூத். வெர்மூத்தைக் கிளாஸுக்குக் காட்டினாலே போதும் என்பவர்கள் உண்டு. அவர்கள் குடிப்பது குளிர்ந்த ஜின், அவ்வளவுதான்.

குடிக்கும் கிளாஸை முன்பே ஃப்ரீசரில் வையுங்கள். வேறொரு பெரிய கிளாஸில் கட்டி ஐஸை நிரப்பி, ஜின்னையும் வெர்மூத்தையும் ஊற்றி, நீளக் கரண்டியால் அரை நிமிடம் கிளறுங்கள். கரண்டி ஓரத்தை ஒட்டியே சுற்றட்டும். கொஞ்சம் ஐஸ் உருகினால்தான் ஜின்னின் காரம் அடங்கும். குலுக்கினால் ஐஸ் சில்லும் காற்றுக் குமிழியும் சேர்ந்து கலங்கலாகிவிடும்.

அப்புறம் வடிகட்டி ஊற்றி, எலுமிச்சைத் தோலை வெள்ளைப் பகுதி வராமல் சீவி, மஞ்சள் பக்கம் கிளாஸைப் பார்க்க மடித்துப் பிழியுங்கள். எண்ணெய் மேலே மெல்லிய படலமாகத் தெறிக்கும். ஆலிவ் போடுவதாக இருந்தால் தோல் வேண்டாம்.