யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவான் என்று பார்த்துக் கல்லூரியில் சேருங்கள்

பிளஸ் டூ எழுதிய பிள்ளை வீட்டில் இருந்தால் மே மாதம் முழுக்க ஒரே பேச்சுதான். கட்ஆஃப் எவ்வளவு வரும், எங்கே பிளேஸ்மென்ட் நன்றாக இருக்கிறது, ஹாஸ்டல் பீஸ் எவ்வளவு. இதெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் உங்கள் பிள்ளை ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடாமல் அதிலேயே கிடக்கிற ரகம் என்றால், இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: அங்கே அவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க இரண்டு மூன்று பேராவது இருப்பார்களா?

படிப்ஸ் வேறு, இவர்கள் வேறு. நல்ல மார்க் வாங்குகிறவனைச் சுற்றி நோட்ஸ் கேட்டாவது நாலு பேர் வருவார்கள். நான் சொல்கிற பிள்ளை அப்படியில்லை. என் அக்கா மகன் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் மொட்டைமாடியில் உட்கார்ந்து, படகிலிருந்து கழற்றிப் போட்ட, கடல் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டரைப் பிரித்து, உப்பு ஏறிப் பச்சை பூத்துப்போன போர்டைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பான். கழற்றிய ஸ்க்ரூவெல்லாம் பாட்டில் மூடிகளில் வரிசையாக இருக்கும், எந்த மூடி எந்தப் பக்கத்து ஸ்க்ரூ என்று அவனுக்குத்தான் தெரியும். மார்க் சுமார்தான். கூடப் படித்தவர்கள் "வாங்க கலாம்" என்பார்கள், அதில் பாதி பாசம், பாதி கிண்டல். இப்படி ஒரு பிள்ளையை ரேங்க் மட்டும் பார்த்து ஒரு இடத்தில் விட்டால் நாலு வருஷம் வாயே திறக்காமல் திரும்பி வருவான். நான் அப்படித்தான் வந்தேன். நான் படித்த இடத்தில் வகுப்பு முடிந்தால் லேபைப் பூட்டிவிடுவார்கள், மெஸ்ஸில் தனியாகவே சாப்பிட்டுப் பழகிவிட்டேன், அதனால்தான் இவன் விஷயத்தில் இவ்வளவு அலைந்தேன்.

முதல் வேலை, கல்லூரியை நேரில் போய்ப் பார்ப்பது. போகிற நேரம் முக்கியம். காலையில் போனால் வரவேற்பில் உட்காரவைத்து, கலர் புத்தகம் கொடுத்து, ஏசி லேபைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். மாலை நாலரைக்கு மேல் போங்கள். அதற்கப்புறமும் லேபில் விளக்கு எரிகிறதா, நூலகத்தில் ஆள் இருக்கிறதா, மரத்தடியில் யாராவது லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். விசைப்படகுக்குப் போகிற வீட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு ஓடாது, ஆனால் அப்பா கரையில் இருப்பார். நேரம் இருக்கிறதே என்று மேயில் கிளம்பாதீர்கள், அப்போது பல கல்லூரிகளில் செமஸ்டர் பரீட்சை அல்லது லீவு, வெறும் கட்டடத்தைத்தான் பார்ப்பீர்கள். முடிந்தால் பிளஸ் டூ படிக்கும்போதே ஒரு வேலைநாளில் போய்விடுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய தடை கல்லூரி பஸ். இதை யாரும் சொல்வதில்லை. வகுப்பு முடிந்த கையோடு பஸ் கிளம்பிவிடும், பாம்பன், ராமேஸ்வரம் வரை போகிற பிள்ளை ஓடிப்போய் ஏறித்தான் ஆக வேண்டும். ரோபோ செய்கிறவன், செஸ் ஆடுகிறவன், குவிஸ் பைத்தியம் எல்லாரும் ஒன்று சேர்வதே அதற்கப்புறம்தான். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரமே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், தினமும் போய் வந்தால் வகுப்பும் பஸ்ஸும்தான் மிஞ்சும். அதனால் இந்த மாதிரிப் பிள்ளைக்கு முடிந்தவரை ஹாஸ்டல் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இது தெரியாமல் காசுக்குப் பயந்து பக்கத்திலேயே சேர்த்துவிடுகிற வீடுகள் உண்டு.

ஹாஸ்டல் என்றாலும் விதிகளைக் கேளுங்கள். செல்போன் விடுவார்களா, இரவில் நெட் உண்டா, லேபிலிருந்து எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும். பெண் பிள்ளை என்றால் இதை இரண்டு மடங்கு அழுத்திக் கேளுங்கள். மாணவர் கிளப் என்று பெரிதாக போர்டு இருக்கும், பெண்கள் ஹாஸ்டல் கதவை ஆறு மணிக்கு மூடிவிட்டால் அந்தக் கிளப் பையன்களுக்கு மட்டும்தான். ஆணும் பெண்ணும் பேசினாலே அபராதம் போடுகிற இடத்தில், ஒரே ஆர்வம் இருக்கிற இரண்டு பேர் எப்படிச் சந்திப்பார்கள்?

சீனியர்களிடம் பேசும்போது "காலேஜ் நல்லா இருக்கா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "போன வருஷம் நீங்க செஞ்ச புராஜெக்ட் இப்ப எங்க இருக்கு, எடுத்துக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். காசு கொடுத்து வாங்கி வந்த புராஜெக்ட் என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும். உண்மையாகச் செய்தவன் பொருளை எடுத்து வந்து, கேட்காததையும் சேர்த்து அரை மணி நேரம் சொல்வான். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போன்ற போட்டிகளுக்குப் போனவர்கள் யார், அவர்களைப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்றும் கவனியுங்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளை, சர்க்யூட்டைப் பற்றித் தமிழில் பேசுகிற நாலு பேர் கிடைத்தால் சீக்கிரம் வாய் திறப்பான்.

நாங்கள் போன ஒரு கல்லூரியில் மாலை ஐந்து மணிக்கு இரண்டு பையன்கள் வராண்டாத் தரையில் ஒரு டிரோனைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அன்று காலையிலிருந்து பேசாமல் வந்த அக்கா மகன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அண்ணே, இந்த சால்டர் விட்டிருக்கு" என்றான். அவர்கள் நீ யார் என்றுகூடக் கேட்கவில்லை, சால்டரிங் அயர்னை அவன் பக்கம் நீட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அப்புறம், எல்லாரும் பொறியியலுக்கே போக வேண்டுமா? கணக்குக் கிறுக்கு என்றால் சென்னை சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது, தனி நுழைவுத் தேர்வு, சின்ன இடம், எல்லாருமே கணக்குக்காக வந்தவர்கள். மண்டபம் கரையில் கடல் அட்டையையும் சிப்பியையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, அங்கே அவன் தெரிந்துவைத்திருக்கிற மீன் பெயர்களுக்கு மதிப்பு உண்டு. மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881 முதல் இருக்கிறது, பல துறைப் பிள்ளைகள் கலந்து இருக்கிற கலை அறிவியல் கல்லூரியும் இப்படிப்பட்டவர்களுக்கு நன்றாக ஒத்துவரும். கலாமே ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல், அதற்கப்புறம்தான் குரோம்பேட்டை எம்ஐடி என்று இடம் மாறி மாறிப் போனவர்.

கலந்தாய்வில் சாய்ஸ் போடும்போது, இப்படிப் பார்த்துப் பிடித்த கல்லூரிகளை வரிசையில் மேலே வையுங்கள். 400-க்கும் மேல் கல்லூரிகள் இருக்கிற பட்டியலில் கட்ஆஃப் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கிறதே என்று, நேரில் போய்ப் பார்க்காத இடத்தை முதலில் வைக்காதீர்கள். வரிசையை பிரவுசிங் சென்டர்காரர் முடிவு செய்ய விடவே கூடாது, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். ராகிங் பயம் இருந்தால் 1800-180-5522 என்ற யுஜிசி இலவச எண்ணை அவன் போனில் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள்.

சேர்த்த பிறகு முதல் மாதம் போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "யாரோட சாப்பிட்டே?" என்று கேளுங்கள். தனியாக என்று பதில் வந்தால் பதற வேண்டாம், இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். தீபாவளிக்கு வரும்போதும் ஒரு பெயரும் வாயில் வரவில்லை என்றால், அந்த லீவு முடிந்ததும் ஒரு மாலை நேரம் பார்த்து நீங்களே கிளம்பிப் போய்வாருங்கள்.