இன்வேடர்ஸ்: பழசுக்கு ஒரு கை, புதுசுக்கு ஒரு கை

என் அக்கா மகன் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் படிக்கிறான். அவன் அப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க ஆட்டக் கருவியில் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எக்ஸ்ட்ரீம்’ ஆடி ஆடித் தேர்ந்துவிட்டான். மேலிருந்து படையாக இறங்கும் வேற்றுக்கிரகப் பூச்சிகளைக் கீழே நின்று சுடும் ஆட்டம் அது. போன ஓணம் லீவில் 1978-இல் வந்த மூல ஆட்டமான ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸை’ என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் ஆடியிருப்பான், நிமிர்ந்து கேட்டான்: “ஏனுங் மாமா, கீழே இறங்குனா இதுங்க கலர் மாறிப் போகுதே?”

பச்சையாக இருப்பதை மட்டும் தேடித் தேடிச் சுட்டுக்கொண்டிருந்தான். பெயர் ஒன்றுதான், ஆட்டம் வேறு என்று அப்போதுதான் எனக்கே தெளிவாக உறைத்தது. ஒன்றில் பழகிய கையோடு மற்றதை ஆடப் போனால் எங்கெங்கே தவறும் என்று எழுதிவைக்கத் தோன்றியது.

முதல் தவறு இந்த நிறம்தான். டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய மூல ஆட்டத்தின் படம் கறுப்பு வெள்ளை. காசு போட்டு ஆடும் அந்தப் பெட்டிகள் பலவற்றில் திரையின் மேல் வண்ணத் தாளைப் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தார்கள். ஆகவே நிறம் பூச்சிக்குச் சொந்தமில்லை, இடத்துக்குச் சொந்தம். பச்சைப் பட்டைக்குள் எது நுழைந்தாலும் பச்சைதான். 2008-இல் டிஎஸ்ஸுக்கும் சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கும் வந்த எக்ஸ்ட்ரீமில் நிறம்தான் சட்டமே. ஒரே நிறத்தில் நான்கை அடுத்தடுத்து வீழ்த்தினால் லேசர், வெடிகுண்டு போன்ற ஆயுதம் கிடைக்கும். பழைய ஆட்டக்காரர்கள் பக்கத்தில் வருவதைச் சுட்டுத் தள்ளி இந்த வரிசையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். உயிர் போகாது, ஆனால் ஸ்கோர் ஏறவே ஏறாது.

வேகம் பற்றிய தவறு இன்னும் ஆழமானது. கடைசிப் பூச்சிகள் பறப்பதைப் பார்த்து, ஆளை மிரட்டவே அப்படி அமைத்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். மூல ஆட்டத்தின் பெட்டிக்குள்ளே இருந்தது இன்டெல் 8080 சில்லு. திரை நொடிக்குச் சுமார் 60 முறை புதுப்பிக்கப்படும், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பூச்சிதான் நகரும். 55 பூச்சிகளும் உயிரோடு இருந்தால் படை முழுவதும் ஓரடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். பத்துதான் மிச்சம் என்றால் ஆறில் ஒரு பங்கு நொடி போதும். நிஷிகாடோ இதைக் கவனித்தார், ஆட்டம் சூடுபிடிப்பதால் அப்படியே விட்டுவிட்டார். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்: நாம் சுடச் சுட, எந்திரத்தின் சுமை குறைந்து எதிரிக்குக் கால் முளைக்கிறது.

படை நகரும் விதத்திலிருந்தே ஒரு உத்தி கிடைக்கிறது. வரப்பு தொட்டதும் திரும்பும் ஏர்மாடு மாதிரி, படை ஓரம் தொட்டதும் ஒரு படி இறங்கித் திரும்பும். ஓர நெடுவரிசைகளை முதலில் காலி செய்தால் படை குறுகும், ஓரம் தொட நேரமாகும், இறக்கம் தள்ளிப்போகும். நடுவில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தால் இந்த லாபம் இல்லை.

அப்புறம் திரை. பதினோரு நெடுவரிசை, வரிசைக்கு 16 புள்ளி (பிக்சல்) என்றால் படையின் அகலம் 176. நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவியான முதல் கேம்பாயின் திரை அகலமோ 160 புள்ளிதான். எதையாவது சுருக்காமல் உள்ளே நுழையாது. கையடக்கத்தில் அளவு மாறியிருக்கிறதே என்று குறை சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூலத்தை லேப்டாப்பில் ஓட்டும்போது அகலத்துக்கு இழுத்துவிடாதீர்கள். அது நெடுக்குத் திரைக்குச் செய்தது.

பொள்ளாச்சி பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுவதும் தவறுதான். மூலத்தில் நான்கு தாழ்ந்த சுரங்கள் இதயத் துடிப்பு போல ஓடும், அது வேகமெடுப்பதே எச்சரிக்கை. எக்ஸ்ட்ரீமில் நாம் சுடும் ஓசைகூடப் பாட்டோடு சேர்கிறது. ஹெட்செட் போடுங்கள்.

கடைசியாக, குண்டை வீணாக்குவது. மூலத்தில் நம் குண்டு ஒன்று திரையில் இருக்கும்வரை அடுத்தது கிளம்பாது. தவறினால், அது உச்சிக்குப் போய்ச் சேரும்வரை கை கட்டி நிற்க வேண்டியதுதான். குறி பார்க்காமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பவர்கள் இன்னொன்றையும் இழக்கிறார்கள். மேலே குறுக்கே போகும் பறக்கும் தட்டின் மதிப்பெண் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. நாம் எத்தனையாவது குண்டால் அடித்தோம் என்பதைப் பொறுத்தது. ஆட்டம் தொடங்கி 23-வது குண்டால் அடித்தால் 300, அதன்பின் ஒவ்வொரு 15-வது குண்டுக்கும் 300.

இதைச் சொன்னதும் மருமகன் நிறத்தை மறந்துவிட்டான். பள்ளிக்கூடப் பழக்கத்தில் மலையாளத்தில் வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுட்டான். இருபத்திரண்டு ஆனதும் நிறுத்தினான். பூச்சிகள் இறங்கிக்கொண்டிருந்தன, அவன் கை அசையவில்லை. தட்டு இடப்பக்கம் தலைகாட்டியது. அது பாதி தூரம் வரும்வரை பொறுத்திருந்து, ஒரே ஒரு முறை அழுத்தினான்.

“முந்நூறு மாமா!”