தோட்டம் கேட்டு வருபவரிடம் நாம் கேட்கத் தவறுவது

தோட்ட வடிவமைப்புக்குப் புதிதாக வருபவர்களை வாடிக்கையாளர் சந்திப்புகளுக்குக் கூட்டிப்போவது உண்டு. செடிப் பெயர் மறந்து திணறுவது, அளவைத் தப்பாகக் குறிப்பது எல்லாம் பெரிய விஷயமில்லை. வேலை பழகப் பழகச் சரியாகிவிடும். எதிரில் இருப்பவர் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டு கிளம்பும் பழக்கம்தான் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை.

‘பராமரிப்பு குறைவாக இருந்தால் போதும்’

இதைச் சொல்லாத வாடிக்கையாளர் அபூர்வம். கேட்ட மாத்திரத்தில் புதியவர்கள் களைத் தடுப்புத் துணி விரித்து, மேலே கூழாங்கல் கொட்டத் திட்டம் போட்டுவிடுகிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

ஓய்வுபெற்ற ஒரு தம்பதி தங்கள் தோட்டத்தை மாற்றித் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முன்பு செய்தவர் அவர்கள் கேட்டதைத்தான் செய்திருந்தார்: துணி, கல், ஓரத்தில் சில தொட்டிகள். வேலையில் குறையே இல்லை. ஆனால் அந்த அம்மா காலையில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடித்ததும், அடுத்துச் செய்ய எதுவுமில்லாமல் உள்ளே போய்விடுகிறார். பேசப் பேசத்தான் விஷயம் வெளிவந்தது. அவருக்குச் செடி வேலை உயிர். முழங்கால் வலியால் குனிய முடியவில்லை, அவ்வளவுதான். முக்கால் மீட்டர் உயரத்தில் இரண்டு மேடைப் பாத்திகள் கட்டியிருந்தால் போதும். இப்போது கல்லை அள்ளி, துணியைக் கிழித்து, இறுகிப்போன மண்ணைக் கொத்தி, எல்லாவற்றுக்கும் இரண்டாம் முறை செலவு.

அந்த ஒரு கோரிக்கைக்குப் பின்னால் வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நேரமில்லை என்பவரிடம் வாரத்துக்கு எவ்வளவு நேரம் முடியும் என்று கேளுங்கள். வளரும் பருவத்தில் புல்வெளியை ஏறக்குறைய வாராவாரம் வெட்ட வேண்டும். புல்லைக் குறைத்து, புதர்ச்செடிகளை நெருக்கி வைத்து, 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, மரச்சீவல் போன்ற அடுக்கு) போட்டால் அவருக்கு மூச்சு விட முடியும். உடம்பு ஒத்துழைக்காதவருக்குப் பாத்தி உயர வேண்டும். செலவுதான் தயக்கம் என்றால் பெரிய செடிக்குப் பதில் சிறு கன்று. சிலருக்கோ இவை எதுவுமில்லை, முன்பு வைத்ததெல்லாம் பட்டுப்போன பயம். எளிதில் சாகாத நாலைந்து வகைகளும் டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாயும் அந்தப் பயத்தைப் பெரும்பாலும் போக்கிவிடும்.

அப்புறம், கூழாங்கல்லும் சும்மா கிடக்காது. துணிக்கு மேல் சருகும் தூசியும் சேர்ந்து மக்கும், சில வருடங்களில் அதிலேயே களை முளைக்கும். வேர் துணிக்குள் புகுந்துவிட்டால் பிடுங்குவது பெரும்பாடு. இதை வாடிக்கையாளரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நான் கேட்கும் கேள்வி: ‘தோட்டத்தில் எந்த வேலை உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது?’ பதில் உடனே வரும். பிடித்த வேலை எது என்பதும் அதைத் தொடர்ந்து தானாக வரும்.

வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த தோட்டப் படத்தைக் காட்டினால்

அதில் எது பிடித்தது என்று கேளுங்கள். பல நேரம் செடி இல்லை, படத்தில் இருக்கும் நாற்காலி.

சந்திப்புக்கு வராதவர்கள்

நம்மிடம் பேசுபவர் ஒருவர், தோட்டத்தில் துணி காயப்போடுபவர் இன்னொருவர். பந்து விளையாடும் பிள்ளைகள், சைக்கிளை உருட்டிக்கொண்டு வருபவர் எல்லோரையும் விசாரியுங்கள். வேலியோரம் நாய் ஓடி ஓடித் தேய்த்த தடத்தில் செடி வைத்தால் செடிதான் தோற்கும்.

பட்ஜெட்

முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

தலையாட்டினால் சம்மதம் என்று நினைப்பது

மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த படம் பலருக்குப் புரிவதில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் ஹம்ப்ரி ரெப்டன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அவர் தரும் ஓவியத்தில் நிலத்தின் இப்போதைய தோற்றம் ஒரு மடிப்புத்தாளில் இருக்கும். அதைத் தூக்கினால் மாற்றிய பிறகான காட்சி.

நமக்கு அந்த ஓவியத் திறமை தேவையில்லை. தண்ணீர் விடும் ரப்பர் குழாயைத் தரையில் வளைத்துப் பாத்தியின் எல்லையைக் காட்டுங்கள், மரம் வரும் இடத்தில் ஒரு கம்பு நடுங்கள். இருவர் சேர்ந்து நடக்க 1.2 மீட்டர் அகலம் வேண்டும் என்று வாயால் சொன்னால், ‘அவ்வளவு எதற்கு?’ என்பார்கள். 90 செ.மீ. இடைவெளியில் இரண்டு கயிறு போட்டு இருவரையும் நடக்கச் சொல்லுங்கள். கயிற்றை அவர்களே தள்ளிப் போடுவார்கள்.