வினாடி வினா நிகழ்ச்சிகளில் ஸ்கோரும் எடிட்டிங்கும் சறுக்கும் இடங்கள்

2020 ஜனவரி 10 அன்று ஒளிபரப்பான அமெரிக்காவின் 'ஜெபர்டி' எபிசோடில், பெத்லகேமில் இயேசு பிறந்த இடமாகக் கருதப்படும் தேவாலயம் எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி வந்தது. ஒரு போட்டியாளர் பாலஸ்தீனம் என்றார், தவறு என்றார்கள். இன்னொருவர் இஸ்ரேல் என்றார், சரி என்றார்கள். பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். பிறகு நிகழ்ச்சிக் குழு ஒரு விளக்கம் கொடுத்தது. ஷூட்டிங் நடக்கும்போதே கேள்வியில் சிக்கல் இருப்பது தெரிந்து அதை ரத்து செய்துவிட்டார்கள். இருவரின் ஸ்கோரையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மாற்றுக் கேள்வி கேட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஆனால் எடிட்டிங்கில் நடந்த தவறால், திருத்தப்படாத வடிவம் ஒளிபரப்பாகிவிட்டது.

ஸ்டுடியோவில் நேர்மையாகத் தீர்த்துவைத்த ஒரு விஷயம், எடிட்டிங் அறையைத் தாண்டும்போது அநியாயமாக மாறிவிட்டது. நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் அடிக்கடி மறந்துவிடும் ஒன்று இது: வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் கூடவே கணக்கும் போட்டுக்கொண்டிருக்கிறார். யார் முதலில் அழுத்தினார், எத்தனை புள்ளி ஏறியது, எவ்வளவு நேரம் மிச்சம் என்று எல்லாவற்றையும் பார்க்கிறார். திரையில் தெரிவதை மட்டும் வைத்து அவர் போடும் கணக்கு இடிக்காமல் இருக்க வேண்டும். சின்ன யூடியூப் வினாடி வினாவுக்கும் இதே விதிதான்.

மதிப்பெண்ணைத் திருத்தும்போது

முதல் முறை ஸ்கோர் போடும்போது பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. தீர்ப்பை மாற்றும்போதுதான் குளறுபடி வருகிறது. 2018 ஜனவரி 1 அன்று வந்த ஜெபர்டி எபிசோடில் ஒரு போட்டியாளரின் பதிலை ஏற்று 1,600 டாலர் கொடுத்தார்கள். அந்தப் பதிலில் இருந்த ஒரு கொச்சைச் சொல்லை அவர் இலக்கணச் சுத்தமாக உச்சரித்திருந்தார். அப்படிச் சொன்னால் அது வேறு சொல் என்று நடுவர்கள் பிறகு முடிவு செய்ய, அவர் ஸ்கோரிலிருந்து 3,200 டாலர் குறைந்தது. 1,600 தானே கொடுத்தார்கள், ஏன் இரண்டு மடங்கு என்று பலர் குழம்பினார்கள். கொடுத்ததைத் திரும்ப எடுக்க 1,600, தவறான பதிலுக்கு அபராதம் 1,600. கணக்கு சரி. அதைப் பார்ப்பவருக்கும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

இதன் மறுபக்கத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. 200 புள்ளியில் இருக்கும் ஒருவர் 40 புள்ளிக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னதாகத் தீர்ப்பு, 160 ஆகிறது. பத்து நிமிடம் கழித்து அவர் பதில் சரிதான் என்று தெரிகிறது. அவசரத்தில் ஸ்கோர் போடுபவர் 40 சேர்த்து 200 ஆக்கிவிடுவார். அது அபராதத்தை நீக்கியது மட்டும்தான். அவருக்கு உரிய 40 இன்னும் வரவில்லை. ஸ்கோர் 240 ஆக வேண்டும். அப்புறம் இன்னொரு கேள்வி: அவர் தவறு என்றதும் அடுத்தவர் அதே கேள்விக்குப் பதில் சொல்லி 40 வாங்கியிருந்தால்? முதலாமவருக்கு அப்போதே சரி என்று சொல்லியிருந்தால் இரண்டாமவருக்கு அந்த வாய்ப்பே வந்திருக்காது. அந்த 40 அவரிடம் இருக்கட்டுமா, எடுக்கலாமா என்பதை ஷூட்டிங்குக்கு முன்பே எழுதி, போட்டியாளர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். விளக்குகள் எரிய, எல்லோரும் காத்திருக்க, நடுவில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் எந்த முடிவும் ஒருதலைப்பட்சமாகவே தெரியும்.

திருத்துவதற்கும் நேரம் உண்டு. கடைசிச் சுற்றில் தங்கள் புள்ளியையே பணயம் வைக்கும் ஆட்டங்களில், ஒருவர் எவ்வளவு வைப்பார் என்பது எதிராளியின் ஸ்கோரைப் பொறுத்தது. பணயத்தை எழுதிக் கொடுத்த பிறகு ஸ்கோரை மாற்றினால், கூட்டல் சரியாக இருக்கலாம், ஆட்டம் நியாயமாக இருக்காது. ஆகவே ஸ்கோர் எழுதுபவருக்கு ஷூட்டிங்கை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் வேண்டும். பல இடங்களில் அந்த வேலையைக் குழுவிலேயே இளையவரிடம் கொடுத்துவிட்டு, அவர் வாயைத் திறக்கத் தயங்கும் சூழலையும் உண்டாக்கிவிடுகிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை.

கணினி ஸ்கோர் இருக்கிறதே என்று காகிதத்தை விட்டுவிடவும் கூடாது. கேள்வி எண், டைம்கோடு (வீடியோவில் அது வரும் சரியான நேரம்), பதில் சொன்னவர், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே, தீர்ப்பு, அதன் பின் போட்டியாளர்கள் எல்லோரின் ஸ்கோர், ரத்தானால் அதற்கான குறிப்பு. இந்தத் தாள் வீடியோ கோப்புகளுடன் சேர்ந்தே எடிட்டரிடம் போக வேண்டும். எடிட் முடிந்ததும், ஷூட்டிங்கில் இருந்த ஒருவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழு எபிசோடையும் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

எடிட்டர் கை வைக்கக் கூடாதவை

நேரத்தைச் சுருக்குவது எடிட்டரின் வேலை. முடிவைப் பாதிக்காத பகுதிகள் நீக்கப்பட்டுள்ளன என்று பல நிகழ்ச்சிகள் கடைசியில் ஒரு வரி போடுகின்றன. அந்த வரி உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, உண்மை போலத் தெரியவும் வேண்டும்.

பதில் சொல்ல முந்தி அழுத்தும் பொத்தானான பஸ்ஸரை எடுத்துக்கொள்வோம். ஜெபர்டியில் கேள்வியைப் படித்து முடிக்கும் முன் அழுத்தினால் கால் விநாடிக்கு அந்தப் பஸ்ஸர் வேலை செய்யாது. அதனால் முதலில் அழுத்தியவரை விட்டு இரண்டாமவருக்கு வாய்ப்புப் போவது சாதாரணம். இப்படிப்பட்ட ஆட்டத்தில் கேள்வி முடிவதற்கும் விளக்கு எரிவதற்கும் இடையிலான நொடியை எடிட்டர் வெட்டினால், யாருக்கோ சலுகை காட்டியதாகத் தெரியும். அந்த இடைவெளியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கடிகாரமும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது இடையில் ரியாக்‌ஷன் ஷாட் போட்டால், அந்த ஷாட்டின் நீளமும் கடிகாரத்தில் கழிய வேண்டும். 18-இலிருந்து வெளியே போய், மூன்று விநாடி முகம் காட்டிவிட்டு, மறுபடி 18-க்கே வந்தால் யாரோ ஒருவருக்கு நேரம் கூடுதலாகக் கிடைத்துவிட்டதாக ஆகும்.

தயக்கத்தை வெட்டுவதிலும் கவனம் தேவை. முதலில் சொன்ன பதில்தான் கணக்கு என்பது விதியானால், போட்டியாளர் முதலில் ஒன்றைச் சொல்லிப் பிறகு மாற்றிய இடத்தில் முதல் பாதி கட்டாயம் இருக்க வேண்டும். அது போனால், சரியாகச் சொன்னவருக்கு ஏன் புள்ளி இல்லை என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு வலிப்பது வேறு. கேள்வி குழப்பமாக எழுதப்பட்டிருக்கும். போட்டியாளர் அந்தக் குழப்பத்தை நம்பிப் பதில் சொல்லித் தோற்றிருப்பார். பிறகு தொகுப்பாளரைத் தெளிவான வாசகத்தில் மறுபடி பேசவைத்து, அந்தக் குரலைப் பழைய இடத்தில் பொருத்திவிட்டால்? இவ்வளவு எளிய கேள்விக்கா தப்பாகச் சொன்னார் என்று ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கும். அவர் கேட்ட கேள்வியே வேறு என்பது யாருக்கும் தெரியாது. உச்சரிப்புப் பிசகையோ ஒலிக் கோளாறையோ சரிசெய்ய மறுபதிவு செய்யலாம். ஆனால் போட்டியாளர் காதில் விழுந்த சொற்களில் ஒன்றுகூட மாறக் கூடாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் அந்தக் கேள்வியையே ரத்து செய்யுங்கள்.

அமெரிக்காவில் 1950-களில் 'ட்வென்டி ஒன்' போன்ற நிகழ்ச்சிகளில் பதில்களை முன்கூட்டியே கொடுத்து ஆட்டத்தை நடத்தியது அம்பலமாகி, 1959-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1960-இல் அப்படிச் செய்வதைக் குற்றமாக்கிச் சட்டமும் வந்தது. அந்த அவநம்பிக்கை இன்னும் முழுவதும் போகவில்லை; கவனக்குறைவான ஒரு வெட்டுகூட அதைக் கிளப்பிவிடும்.

கேள்வியிலேயே கோளாறு இருந்தால்

பிரிட்டனின் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' (சுருக்கமாக மில்லியனர்) நிகழ்ச்சியில் 1999-இல் ஒரு கேள்வி: டென்னிஸில் ஒரு செட்டை வெல்லக் குறைந்தது எத்தனை முறை பந்தை அடிக்க வேண்டும்? 24 என்பதைச் சரியென ஏற்றார்கள். உண்மையில் 12 போதும். ஆறு கேம்களில் மூன்றில் நாம் சர்வ் போட்டு, கேமுக்கு நான்கு வீதம் எல்லாமே ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) ஆனால் 12. மற்ற மூன்றில் எதிராளி வரிசையாக டபுள் ஃபால்ட் செய்தால், அதாவது இரண்டு சர்வையும் தவறவிட்டுப் புள்ளியை இழந்தால், நாம் மட்டையைத் தூக்கவே வேண்டாம். பதில் தெரிந்த ஒருவரே கேள்வியைச் சரிபார்த்தால் இப்படித்தான் ஆகும். பதிலைக் காட்டாமல் வேறொருவரிடம் கேள்வியைக் கொடுத்து, அவர் எந்த வழியில் யோசிக்கிறார் என்று பாருங்கள். 'குறைந்தது', 'முதன்முதலில்', 'மிகப் பெரிய' என்று வரும் கேள்விகளில் இரட்டிப்புக் கவனம் தேவை.

ஒளிபரப்பான பிறகு

2010 டிசம்பரில் அமெரிக்காவின் 'மில்லியன் டாலர் மணி டிராப்' நிகழ்ச்சியில், எது முதலில் கடைக்கு வந்தது என்ற கேள்விக்கு ஜோடியாக ஆடிய இரண்டு போட்டியாளர்கள், ஒட்டி எடுக்கும் குறிப்புத் தாளான போஸ்ட்-இட் மீது 8,00,000 டாலர் வைத்தார்கள். கையடக்க கேசட் பிளேயரான வாக்மேன்தான் சரியான பதில் என்று நிகழ்ச்சியில் சொன்னதால் அந்தப் பணம் போய்விட்டது. போஸ்ட்-இட் 1977-லேயே வேறு பெயரில் சில நகரங்களில் சோதனை விற்பனைக்கு வந்திருந்தது. வாக்மேன் வந்தது 1979-இல். தவறை ஒப்புக்கொண்டு அந்த ஜோடியை மறுபடி அழைத்தார்கள். ஆனால் நிகழ்ச்சியே நின்றுபோனதால் அவர்கள் வந்து ஆடவில்லை.

அமெரிக்க மில்லியனரில் 2001-இல் நடந்தது இதைவிட நல்ல முன்மாதிரி. கோளாறான கேள்வியால் வெளியேறிய ஒருவரை அதே ஆண்டு திரும்ப அழைத்தார்கள். அதற்குள் பெரும் பரிசை வேறொருவர் வென்றிருந்தார். இருந்தும், இவர் முதலில் வந்த நாளில் இருந்த அதே பெரும் பரிசுத் தொகைக்கு ஆட விட்டார்கள். அவர் கடைசிக் கேள்வி வரை போய் 18,60,000 டாலரை வென்றார்.