பாஸ்போர்ட்டை மறித்த பழைய எஃப்ஐஆர்

2022-இல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். போலீஸ் விசாரணையில் 'வழக்கு நிலுவை' என்று எழுதிவிட்டார்கள். எந்த வழக்கு? 2017-இல் சாக்கடைக் குழாய்க்காகப் பக்கத்து வீட்டாரோடு நடந்த தள்ளுமுள்ளு! மறுவாரமே சமாதானமாகி, அவர் மகள் கல்யாணத்தில் பந்தி வரை பரிமாறினேன். எஃப்ஐஆர் மட்டும் அப்படியே கிடந்திருக்கிறது.

வக்கீல் அண்ணன் எஃப்ஐஆர் நகலை வாங்கி, பிரிவுகளைப் பென்சிலால் வட்டமிட்டார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1): ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது. "அதிகபட்சமே ரெண்டு வருஷத் தண்டனைதான் தம்பி. மூணு வருஷத்துக்குள்ள குற்றப்பத்திரிகை போட்டாங்களா, அதைப் பார்ப்போம்" என்றார். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விசாரித்தால், போடவே இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468-ன்படி, கோர்ட் இந்த வழக்கை எடுத்துக்கொள்வதற்கான மூன்று வருஷக் காலம் கடந்துவிட்டது. அதைக் காட்டி, அதே சட்டத்தின் 482-ஆம் பிரிவில் எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போட்டார். (இப்போது அந்த 482, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 528.) பக்கத்து வீட்டுக்காரரும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார், பாவம். சில மாதங்களில் ரத்து உத்தரவு வந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தது என் தப்பு. ஸ்டேஷன் பதிவேடு தானாக மாறாது. உத்தரவின் சான்றிட்ட நகலை ஸ்டேஷனிலும் எஸ்.பி. அலுவலகத்திலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டேன். அப்புறம்தான் பாஸ்போர்ட்டுக்கான மறுவிசாரணையில் 'வழக்கு இல்லை' என்று அனுப்பினார்கள். அந்த நகலில் மூன்று ஜெராக்ஸ் இன்னும் பீரோவில் இருக்கின்றன.